ஒப்புரவும் வாடகை வீடும்

ஜனக்புரியில் எங்கள் வீட்டில் புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். பெரும்பாலும் தமிழர்கள், இரண்டு மலையாள நர்ஸ் குடும்பங்கள். அவர்களோடு ஒரு நைஜீரியத் தம்பியும் இரண்டு வருடம் தவறாமல் வந்தார். உத்தம் நகரில் ஒற்றை அறையில் குடியிருந்தார். தமிழ்ப் பாட்டுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு தானாக ஒரு கீழ்க்குரல் பிடித்துச் சேர்ந்துகொள்வார். அந்தக் குரல் சேர்ந்த பிறகு எங்கள் பாட்டே வேறாகிவிடும். கூட்டம் முடிந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உப்புமா சாப்பிடுவார். என் மனைவியை ‘அம்மா’ என்பார், என்னை ‘அங்கிள்’ என்பார். பிரிவினையை அன்பு ஜெயிக்கும் என்று யாராவது பிரசங்கம் செய்தால் என் மனதில் வரும் படம் எங்கள் வரவேற்பறையில் விரித்த அந்தப் பாய்தான்.

ஒரு புதன்கிழமை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “அங்கிள், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். உங்கள் எதிர்வீட்டு மாடியில் டு-லெட் போர்டு தொங்குகிறதே, கேட்டுச் சொல்கிறீர்களா?”

எதிர்வீட்டுக்காரரோடு எனக்குப் பதினான்கு வருடப் பழக்கம். தீபாவளிக்கு அவர் வீட்டு மிட்டாய் எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் கேக் அங்கே போகும். “பார்க்கிறேன் தம்பி” என்றேன். ஆனால் போய்க் கேட்கவில்லை. வெளிநாட்டவரை வாடகைக்கு வைத்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சி-ஃபார்ம் ஏற்ற வேண்டும், போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது, குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழும் என்று காரணங்களை எனக்கு நானே அடுக்கிக்கொண்டேன். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனாலும் நான் கேட்காததற்குக் காரணம் அவை இல்லை. பதினான்கு வருடத்தில் அந்தத் தெருவில் சேர்த்த நல்ல பெயரை அவருக்காகச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு இரண்டு புதன் வந்தார். மூன்றாவது புதன் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் இந்த விஷயத்தைத் தொட எனக்கு உரிமை. நிறத்தாலும் சாதியாலும் பிரிந்த கிறிஸ்தவர்களைத் தனிப்பட்ட உறவுகளே ஒன்றாக்கும் என்று ஒரு போதனை இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு நண்பர், ஒரு மேசையில் இரண்டு நிறம், மனம் மாறினால் மற்றதெல்லாம் தானாக மாறும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் 1990-களில் இது பெரிய இயக்கமாகவே நடந்தது. நம் சபைகளில் அந்தப் பெயரெல்லாம் கிடையாது, ஆனால் சாதிப் பேச்சு எழும்போதெல்லாம் “அன்பு இருந்தால் போதும் பிரதர்” என்று ஒருவர் சொல்லி முடித்துவைப்பாரே, அதே போதனைதான். அது எந்த அளவு உண்மை? நம் சரித்திரத்தை வைத்தே எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் போதனையின் மிக வலுவான சாட்சி ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற ஊரில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அவர்களில் ஆசியர்கள் இருபதைத் தாண்டவில்லை. அந்த அவையில் எழுந்து நின்று, வெள்ளை மிஷனரிக்கும் இந்திய ஊழியனுக்கும் நடுவே இருப்பது உறவே இல்லை என்று அசரியா சொன்னார். மேலிருந்து இறங்கி வரும் அன்பு போதாது, ஒரே மேசையில் உட்காரும் நட்பு வேண்டும் என்றார். நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்ற கருத்தில் முடித்தார். கேட்டவர்களில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது.

அசரியா கேட்டது சின்ன விஷயம் இல்லை. மிஷன் பங்களாவுக்குப் போகும் இந்திய ஊழியன் எங்கே உட்காருவான், அவனுக்கு யாராவது கை கொடுப்பார்களா, அவன் வீட்டுக்குத் துரை எப்போதாவது வந்து ஒரு வாய் சாப்பிட்டிருப்பாரா என்பதெல்லாம் அதில் அடங்கும். சட்டமோ சங்க விதியோ தொட முடியாத இடத்தில்தான் அவமானம் முதலில் குடியிருக்கிறது என்பதை அவர் சரியாகப் பிடித்தார். உறவு வேண்டும் என்ற போதனையை நான் முழுதாகத் தள்ள முடியாததற்கு முதல் காரணம் அசரியாதான். அவமானப்பட்டவரே அதைக் கேட்டிருக்கிறார்.

அவருக்கு நண்பர்களும் கிடைத்தார்கள். சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட், ஒய்.எம்.சி.ஏ.வின் ஷெர்வுட் எட்டி போன்றவர்கள். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிகன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். ஒயிட்ஹெட் முன்னின்று வாதாடாமல் அது நடந்திருக்காது. வெள்ளை மிஷனரிகள் மட்டுமல்ல, இந்தியக் கிறிஸ்தவர் சிலரும் எதிர்த்தார்கள். ஆக, இந்த நட்பு ஒரு நாற்காலியையே நகர்த்தியிருக்கிறது.

ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். அவருக்குத் தொடக்கத்தில் கொடுத்தது சிறிய பகுதி. 1920-இல்தான் அது விரிந்தது. அதைவிடப் பெரிய செய்தி, 1912 முதல் 1945 ஜனவரி 1-ஆம் தேதி அவர் இறக்கும்வரை ஆங்கிலிகன் மறைமாவட்டம் ஒன்றின் பொறுப்பில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். முப்பத்திரண்டு வருடம்! ஒயிட்ஹெட்டின் அன்பு அசரியாவுக்கு வழி திறந்தது. அசரியாவுக்குப் பின்னால் நின்ற வரிசைக்குத் திறக்கவில்லை. தனிப்பட்ட உறவின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வாழ்க்கையிலேயே தெரிகிறது. அது ஆளைத் தெரிந்துகொள்கிறது, தெரிந்த ஆளுக்கு வழிவிடுகிறது. தெரியாதவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

டெல்லியிலேயே இதற்கு ஒரு துணைச் சான்று உண்டு. ஜனக்புரியிலிருந்து நீல வழித்தடத்தில் ராஜீவ் சௌக் போய், அங்கே மஞ்சள் வழித்தடம் மாறினால் காஷ்மீரி கேட். செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரி அந்தக் காலத்தில் அங்கேதான் இருந்தது. 1904-இல் கேம்பிரிட்ஜ் மிஷனுக்காக சி.எஃப். ஆண்ட்ரூஸ் அங்கே ஆசிரியராக வந்தார். சுசில் குமார் ருத்ரா என்ற வங்காளக் கிறிஸ்தவர் அவருக்கு முன்பிருந்தே அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இருவரும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். 1906-இல் முதல்வர் பதவி காலியானபோது, ஆங்கிலேயர் ஒருவரே அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்ற எண்ணம் மேலிடத்தில் இருந்தது. ஆண்ட்ரூஸை உட்காரவைக்கலாம் என்று பார்த்தார்கள். அவர் மறுத்தார். ருத்ராதான் முதல்வர் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ருத்ரா முதல்வரானார், 1923 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி டெல்லிக்கு வந்தால் தங்கியது அந்த இந்திய முதல்வரின் வீட்டில்தான்.

ஆண்ட்ரூஸ் ருத்ராவோடு எத்தனை முறை சேர்ந்து சாப்பிட்டார் என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். தனக்கு வந்த நாற்காலியை அவர் விட்டுக்கொடுத்தார் என்பதுதான் நிற்கிறது. என் எதிர்வீட்டு டு-லெட் போர்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கூசுகிறது. நானும் இரண்டு வருடம் ஒருவரோடு சேர்ந்துதான் சாப்பிட்டேன்.

மேசையைப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. சாதியைச் சபையிலிருந்து உடனடியாக, முற்றாக விலக்க வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபைகள் உடைந்தன. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரே மிஷனரிகளின் அந்தக் கெடுபிடியை எதிர்த்தவர்களில் ஒருவர். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘கீழ்ச்சாதி’ என்று ஒதுக்கப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்டாதவர் சாதியை விட்டதாகக் கொள்ள முடியாது என்று வைத்தார்கள். ‘அன்பின் விருந்து’ என்று அதற்குப் பெயர். லைப்சிக் லுத்தரன் மிஷன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வற்புறுத்தாமல், போதனையால் மெல்ல மெல்லக் கரைக்கலாம் என்றது.

இந்தச் சண்டையில் நான் விருந்து வைத்தவர்கள் பக்கம். மெல்லக் கரையட்டும் என்று விட்டது எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் மாமன்றம் 1857-இல், எல்லாரும் சேர்ந்து திருவிருந்து எடுப்பதே சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ‘சிலருடைய பலவீனம்’ கருதித் தனித்தனியாக நடத்தவும் இடம் கொடுத்தது. இரக்கம் பார்த்துக் கொடுத்த சலுகைதான் அது. ஒரு தலைமுறை போவதற்குள், 1881-இல், நிறத்துக்கு ஒரு சபை என்று தனியாகவே பிரித்துவிட்டார்கள். அந்தத் தனிச் சபைக்குள்ளிருந்து ‘பெல்ஹார் அறிக்கை’ எழுந்து, பிரிவினையைச் சுவிசேஷத்துக்கே விரோதம் என்று 1982-இல் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனாலும் அந்த விருந்து என்ன சாதித்தது என்று கேட்டால் பதில் சந்தோஷமானதாக இல்லை. இலையில் உட்கார்ந்தார்கள். எழுந்து கை கழுவியதும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் சொந்தச் சாதிக்கே போனார்கள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவைப் பக்கத்தைத் திறந்தால் ‘சி.எஸ்.ஐ. நாடார்’, ‘ஆர்.சி. வேளாளர்’ என்று சபையும் சாதியும் ஜோடியாக வரும். அந்த விளம்பரம் கொடுத்த வீடுகளில் எல்லாச் சாதி நண்பர்களும் வந்து பிரியாணி சாப்பிட்டிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, உண்ணும் பழக்கத்தைத் தாண்டி அதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கையையே தொட வேண்டும் என்று அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதும்போது சொன்னார். நம் சபைகள் அதற்கு எண்பது தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே அந்தப் பரீட்சையை எழுதி முடித்திருந்தன.

அசரியா எடின்பரோவில் நண்பர்களைக் கேட்ட அதே 1910-இல், அவர் பிறந்த அதே திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளத்தில் ஒரு சுவர் விழுந்தது. அங்கே 1872-இல் கட்டிய திருக்குடும்ப ஆலயம் கால்சட்டை வடிவில் இருக்கும். இரண்டு நீண்ட கால்கள் ஒரே பீடத்தில் வந்து சேரும். ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார். நடுவே சுவர். பீடத்திலிருந்து பார்க்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும், ஒரு பக்கத்தார் கண்ணுக்கு மறு பக்கத்தார் தெரியமாட்டார்கள். சாதிக்காகவே ஒரு வீட்டுக்கு வாஸ்து பார்த்த மாதிரி அதைக் கட்டியிருந்தார்கள். கௌசானல் என்ற இயேசு சபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது, கோயிலுக்குள் சாதி உரிமை கேட்டது அங்கே எடுபடவில்லை.

முப்பத்தெட்டு வருடம் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிய மனிதர்கள் அவர்கள். வயலில், சந்தையில், கல்யாண வீட்டு வாசலில் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள். அந்தப் பழக்கத்தில் எத்தனையோ நல்ல நட்புகள் இருந்திருக்கும். அவற்றில் ஒன்றுகூடச் சுவரில் ஒரு செங்கல்லை உருவவில்லை. அதிகாரம் உள்ள ஒருவர் கடப்பாரை எடுத்தபோதுதான் விழுந்தது. 1910 என்ற ஒரே வருடத்தில் எடின்பரோவின் பேச்சையும் வடக்கன்குளத்தின் இடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சீமையின் புண்ணைத் தொட்டவை. ஒன்று நட்பைக் கேட்டது, மற்றது நட்புக்காகக் காத்திருக்கவில்லை.

காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு எறையூர் இருக்கிறது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊர். செபமாலை மாதா கோயிலில் வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கு. ஆனால் தலித் வீட்டுச் சாவு கோயில் வழியாகப் போகக் கூடாது, பிண வண்டி வேறு, கல்லறை வேறு. தலித்துகள் தங்கள் சகாயமாதா கோயிலைத் தனிப் பங்காக்கிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் அதற்காக உண்ணாவிரதம் இருந்தபோது அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டதில் வன்னியர் தரப்பில் இருவர் செத்தார்கள்.

எறையூர் தலித்துகள் நண்பர்களைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விலகிப் போக அனுமதி கேட்டார்கள். ஒப்புரவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பார்த்து வருத்தப்படுவார்கள், பிரிந்துபோவது கிறிஸ்தவமா என்று கேட்பார்கள். எனக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை. ஒரே கோயிலுக்குள் நூறு வருடம் சேர்ந்திருந்தும் பிணத்துக்கு வழி கிடைக்காதவனிடம் ‘இன்னும் கொஞ்சம் உறவாடிப் பார்’ என்று சொல்வது, அவமானத்தின் பாரத்தை மறுபடியும் அவன் தலையிலேயே ஏற்றுவது. உறவு என்ற போதனையில் எனக்குள்ள மிகப் பெரிய புகார் இதுதான். உறவுக்கு யார் முதலில் கை நீட்ட வேண்டும், மறுத்தால் யார் பொறுக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் அந்த வேலை எப்போதும் கீழே இருப்பவனுக்கே வந்து சேர்கிறது. என் வாசலில் கேள்வி கேட்டதும் அந்த நைஜீரியத் தம்பிதான், பிறகு என்னைச் சங்கடப்படுத்தாமல் ஒதுங்கிப்போனதும் அவர்தான்.

இந்தப் போதனை நன்றாகப் படித்தவர்கள் கையில் ஆராய்ச்சிக்கும் உட்பட்டிருக்கிறது. மைக்கேல் எமர்சனும் கிறிஸ்டியன் ஸ்மித்தும் 2000-இல் அமெரிக்க சுவிசேஷ சபையினரைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சுவிசேஷ சபையினருக்கு இனப் பிரச்சினை என்றால் இரண்டு ஆட்களுக்கு நடுவிலுள்ள மனஸ்தாபம், நண்பராகிவிட்டால் தீர்ந்தது. கறுப்புச் சுவிசேஷ சபையினர் அதே வேதத்தைப் படித்துவிட்டு வீடு, பள்ளிக்கூடம், சம்பளம், சிறை என்று பேசினார்கள். அந்த நூலில் இன்னொன்றும் இருக்கிறது, மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை அவ்வளவாக எடுப்பதில்லை. ஒரேயொரு கறுப்பு நண்பர் இருந்த வெள்ளையரின் பார்வை பெரிதாக மாறவில்லை. வாழ்க்கையே கறுப்பர்களின் நடுவில் பின்னிக்கிடந்த வெள்ளையருக்கோ அமைப்பும் அநியாயமும் கண்ணில் பட ஆரம்பித்தன. ஒரு நண்பரை ‘அவர் மட்டும் வேற மாதிரி’ என்று விதிவிலக்காக்கிவிடலாம். இருபது பேரை அப்படி ஆக்க முடியாது.

நம் நாட்டு ஆய்வு ஒன்றும் உதவும். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் 1,261 இளைஞர்களை வைத்து மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் கிரிக்கெட் லீக் நடத்தினார். சாதி கலந்து ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரெதிர் அணியில் ஆடியவர்களுக்கு அப்படி இல்லை. இராக்கில் சல்மா மூசா கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் ஒரே கால்பந்து அணிகளில் ஆடவைத்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார். தன் அணியின் முஸ்லிமோடு கிறிஸ்தவனுக்கு நல்ல உறவு வந்தது. மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. 1954-லேயே கார்டன் ஆல்போர்ட் சொல்லிவைத்தார்: சமமான நிலையில் சந்திக்க வேண்டும், ஒரே காரியத்துக்காக உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்கள் ஆதரவு தர வேண்டும், அப்போதுதான் பழக்கம் பகையைக் குறைக்கும் என்று. எங்கள் புதன்கிழமைக் கூட்டத்தை இந்த அளவுகோலில் வைத்தேன். சேர்ந்து ஜெபித்தோம், சரி. சமநிலை? வீடு என்னுடையது, சமையல் எங்களுடையது, பாட்டு எங்கள் மொழி. அந்தத் தம்பி எப்போதும் விருந்தாளி. விருந்தாளியை உபசரிப்பது சுலபம். பக்கத்து வீட்டுக்காரனாக ஏற்றுக்கொள்வது வேறு விஷயம்.

2018 நவம்பரில், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள துவாரகா பக்கம், ஆப்பிரிக்கர்கள் ஒரு பையனைக் கடத்திக் கொன்று தின்றுவிட்டதாக வதந்தி கிளம்பிக் கும்பல் திரண்டது. ஒரு காலத்தில் எங்களை ‘மதராஸி’ என்று இளக்காரமாகக் கூப்பிட்ட அதே தெருக்களில், நிறத்தை வைத்து இன்னொருவரைக் கூப்பிடும்போது நாங்கள் வாய்மூடி நடந்துபோகிறோம். கறுப்பாக இருப்பதன் வலி தெரிந்த தமிழனுக்கே இந்த மௌனம் கைவந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய துக்கம்.

அப்படியானால் உறவை விட்டுவிட்டுச் சட்டத்தையும் ஆணையையும் நம்பலாமா? அதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கத்தோலிக்க ஆயர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நடப்பதை ஒத்துக்கொண்டார்கள். 2022-இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவர் போல, ஆவணம் போய்த் தொடாத சுவர்கள் ஏராளம். நாட்டுச் சட்டமோ தலித் கிறிஸ்தவனை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை; 1950 ஆணையில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த பட்டியல் சாதி உரிமை 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. அதுமட்டுமல்ல. கௌசானல் சுவரை இடித்தார் என்றால், இடிக்க வேண்டும் என்ற வேதனை அவருக்கு எங்கிருந்து வந்தது? மறு பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகங்களைத் தெரியாத ஒருவர் கடப்பாரையை எடுத்திருக்க மாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆண்ட்ரூஸுக்கு ருத்ராவைத் தெரியாமல் இருந்திருந்தால் அந்த நாற்காலி அவருக்கு உறுத்தியிருக்காது. உறவு இல்லாத இடத்தில் சட்டத்தைச் செயலாக்க ஆள் வருவதில்லை.

என் தீர்ப்புக்கு ஒரு சொல் துணை நிற்கிறது. கிறிஸ்தவத் தமிழில் இந்தக் காரியத்துக்கு வைத்த பெயர் ஒப்புரவு. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் அந்தச் சொல்லைத்தான் ஊழியமாகவே தருகிறது. ஆனால் அந்தச் சொல் வேதாகமத் தமிழுக்கு வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பிலேயே இருந்தது. அங்கே ஒப்புரவு என்றால் மனஸ்தாபம் தீர்ந்து கை குலுக்குவது இல்லை. தன்னிடம் உள்ளது ஊருக்கும் உரியது என்று அறிந்து நடப்பது. ஊர் முழுதும் வந்து மொள்ளும் குளத்தையும், ஊர் நடுவில் பழுத்து நிற்கும் மரத்தையும் வள்ளுவர் அதற்கு உவமை சொல்கிறார். அதனால் நட்டம் வந்தால், தன்னை விற்றாவது அந்த நட்டத்தை வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு அந்த அதிகாரம் போய் முடிகிறது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சரியான சொல்லை எடுத்தார்கள். தனிப்பட்ட உறவு ஒப்புரவின் வாசல். அது இல்லாமல் உள்ளே போக வழி இல்லை என்பதை அசரியா நிரூபித்துவிட்டார், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் என் கையில் இருக்கும் ஏதாவது ஒன்று, நாற்காலியோ கையெழுத்தோ தெருவில் எனக்குள்ள மதிப்போ, மற்றவர் கைக்குப் போகாதவரை அந்த உறவுக்கு ஒப்புரவு என்று பெயர் வைக்கக் கூடாது. அதற்கு நல்ல பழக்கம் என்று பெயர். ஆண்ட்ரூஸ்–ருத்ரா நட்பு இந்தச் சோதனையில் தேறுகிறது. ஒயிட்ஹெட்–அசரியா நட்பு பாதி தேறுகிறது, ஒரு நாற்காலியோடு நின்றுபோனதால். 1850-இன் அன்பின் விருந்து நோக்கத்தில் தேறிப் பலனில் தோற்கிறது. எங்கள் புதன்கிழமைப் பாய் தேறவில்லை.

இதற்கு வேதத்தில் ஓர் இடம் உண்டு. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அந்த மேசையிலிருந்த நட்பு பொய் என்று நான் நினைக்கவில்லை. பேதுருவுக்குத் தன் ஆட்களின் மத்தியில் பெயர் கெடும் என்ற பயம் வந்தது, அவ்வளவுதான். பவுல் அவரைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் பேசவில்லை, எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேர் கேட்டார். பிரிவினை பலர் பார்க்க நடந்தது, அதனால் திருத்தமும் பலர் பார்க்க நடக்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். “தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று நம் சபைகளில் சொல்லும் ஆலோசனையைவிட அது கடினமானது. அதைவிட யோக்கியமானதும்கூட.

எதிர்வீட்டு மாடிக்கு அந்த மாதமே ஒரு பஞ்சாபிக் குடும்பம் வந்துவிட்டது. அவர்கள் நல்ல மனிதர்கள். அந்தத் தம்பியின் பழைய நம்பருக்கு அனுப்பிய செய்திகளில் இன்னும் ஒற்றை டிக்தான் இருக்கிறது.

இந்த மார்கழியில் எங்கள் சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். உத்தம் நகர் பக்கம் ஒரு பேஸ்மென்ட்டில், மின்விசிறிகூடச் சரியாகச் சுற்றாத இடத்தில், ஆப்பிரிக்கச் சபை ஒன்று கூடுகிறது. ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குமேல் எங்கள் ஹால் பூட்டிக்கிடக்கிறது. அந்த ஹாலை அவர்களுக்குத் தர வேண்டும், கமிட்டியில் அவர்களில் ஒருவருக்கு ஓட்டோடு இடம் தர வேண்டும், அவர்களுக்கு வாடகை வீடு தேவைப்பட்டால் உத்தரவாதம் சொல்லி நம்மில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று மூன்றே வரி. ஹாலுக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஓட்டு என்ற இடத்தில் பேச்சு நின்றது. கையெழுத்து என்ற வரியைப் படித்ததும் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அங்கிள், இதை வழிமொழிய ஒருத்தர் வேணுமே” என்றார்.

அடுத்த கூட்டம் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு. வழிமொழிபவர் பெயருக்குக் கீழே கோடு இன்னும் காலியாக இருக்கிறது.